என் பெயரை எங்கே போடுவது

ஒவ்வொரு ஜூலை மாதத்தின் முதல் வேலை நாளிலும் என்னைப் பார்த்ததும் எங்கள் பல்கலைக்கழகத் துறையின் காரியதரிசி டோரிஸ் அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கேள்வி கேட்பார்: "சாம், நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா?" ஆம்பூரில் இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் ஆளிடம்கூட நேராகக் கேட்கமாட்டார்கள். அவருடைய மச்சானை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். முதல் வருஷம் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறெங்கே போய்த் தொலைவேன் என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்த அம்மாள் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக் கேட்கிறார் என்று. ஜூன் கடைசியோடு எங்களைப் போன்றவர்களின் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும். ஜூலையில் சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். வந்தவர்களுக்கு டோரிஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்.

ஊரிலிருக்கும் வாசகர்களுக்கு இந்த 'எங்களைப் போன்றவர்கள்' யார் என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஜாதி. டென்யூர் என்னும் நிரந்தரத்தைப் பெற்றவர்களும் அதற்கான வரிசையில் நிற்பவர்களுமான பேராசிரியர்கள் ஒரு ஜாதி. நிரந்தரம் கிடைத்துவிட்டால், நம் ஊர் சர்க்கார் உத்தியோகம் போல, அவர்களை லேசில் யாரும் கிளப்ப முடியாது. இன்னொரு ஜாதி நாங்கள். படிப்பும் பட்டமும் அவர்களுக்கு உள்ளதேதான். ஆனால் எங்கள் சம்பளம், ஒரு பேராசிரியர் வெளியிலிருந்து வாங்கி வரும் ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும். நிதி தீர்ந்தால் நாங்களும் தீர்ந்தோம். ஆம்பூர்க்காரர்களுக்கு இவ்வளவு விளக்கமே தேவையில்லை. சொந்தமாக டேனரி இல்லாத வியாபாரி, அடுத்தவர் டேனரியில் தோல் பதனிடும் டிரம்மை வாடகைக்குப் பிடித்துத் தன் தோலைப் போட்டு எடுப்பதில்லையா, அது மாதிரிதான். வாசலில் பலகை ஒருவர் பெயரில், உள்ளே சுற்றுகிற தோல் இன்னொருவருடையது. ஒரு வித்தியாசம், ஆம்பூரில் தோல் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் இந்த நாட்டுக்கு வந்ததே கிரேஸின் புருஷனாகத்தான். எழுபதுகளின் நடுவில், வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்த பெண்களை இங்குள்ள ஆஸ்பத்திரிகள் வா வா என்று கூப்பிட்டன. விசாக் காகிதத்தில் அவள் பிரதான நபர், நான் அவளைச் சார்ந்தவன். ஆம்பூரில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. "ஊர்ல பொஞ்சாதிய இஸ்துக்கினு போவாங்க, இவன பொஞ்சாதி இஸ்துக்கினு போறா" என்று எதிர்வீட்டு மரியதாஸ் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அதற்கு முன் நான் ஆம்பூரில் ஒரு டேனரியின் லேபில் கெமிஸ்ட். வந்த ஊரில் பனியும் சோளக்காடும்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மண் வேதியியல் பேராசிரியர் ஹால்டர்சனிடம் டாக்டர் பட்டம் வாங்கி, அவருடைய நிதியிலேயே ஆராய்ச்சியாளனாக ஒட்டிக்கொண்டேன். அவர் பைப் பிடிக்கிற, அதிர்ந்து பேசாத, தங்கமான மனிதர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தங்கமான மனிதர் வரும் ஜூனில் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். அவர் போனால் அவருடைய நிதி போகும், நிதி போனால் நான் போவேன். அப்புறம் அந்த ஜூலையில் டோரிஸின் மிட்டாய் எனக்கு இருக்காது. நல்ல வேளையாக என் கையில் ஒரு காரியம் இருந்தது. தோலைக் குரோம் உப்பில் பதனிட்ட பிறகு வெளியேறும் நீலத் தண்ணீரிலிருந்து அந்த உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி டிரம்மிலேயே போட முடியுமா என்று சில வருஷங்களாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் அந்தத் தண்ணீர் பாலாற்றுப் பக்கம் ஓடுவதைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று அப்பா கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய யந்திரம் வாங்க வசதியில்லாத சின்ன டேனரிக்காரரும் செய்யக்கூடியதாக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதை ஒரு திட்டமாக எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினேன். நிதி தருகிறோம், ஆனால் உங்களைத் திட்டத் தலைவராக உங்கள் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது.

பல்கலைக்கழகத்தின் விதியோ, நிரந்தர வரிசையிலுள்ள பேராசிரியர்தான் திட்டத்துக்குத் தலைவராக இருக்கலாம் என்றது. மற்றவர்களுக்கு விசேஷ அனுமதி வேண்டும். துறைத்தலைவர் சிபாரிசு செய்ய வேண்டும், டீன் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு கமிட்டி. இந்த ஆள் இன்னொருவர் கைப்பிடித்து நடக்கிறவரா, தானாக நடக்கிறவரா என்பதைத்தான் கமிட்டி பார்க்கும். அனுமதி கிடைக்காவிட்டாலும் நிதி வீணாகாது. ஹால்டர்சனின் நாற்காலிக்குப் புதிதாக வரவிருந்த பேராசிரியரின் பெயருக்குத் திட்டத்தை மாற்றி, அவருக்குக் கீழே என்னை வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வார்கள். வரவிருந்தவர் ஏரி மீன்களை ஆராய்ச்சி செய்கிறவர். அவரிடம் போனால் என் நீலத் தண்ணீரில் மீன் விட்டுப் பார்ப்பார், ஆம்பூர் டிரம்மை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு அந்த அனுமதி வேண்டும். வேறு எதையும் இந்த நாட்டில் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். எழுத்து வேலை எனக்குப் புதிதல்ல. எங்கள் சபையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அழைப்பிதழ் வாசகத்தை அப்பா எழுதுவார், பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அது சாமானிய வேலை என்று நினைக்காதீர்கள். முதலில் பேராயர், அடுத்து ஆயர், பிறகு தாத்தா பெயர்கள், பெரியப்பா, தாய்மாமன் என்று வரிசையாக இறங்கி வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற இரண்டு பேரையும் மிச்சமிருக்கிற இடத்தில் போட வேண்டும். ஒருமுறை வாணியம்பாடி மாமா ஒருவரின் பெயரைத் தவறவிட்டுவிட்டேன். மனிதர் கல்யாணத்துக்கு ஒழுங்காக வந்தார். பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "பேரே இல்லாதவன் எப்படிம்மா சாப்பிடுவான்? என்ன உடுங்க, நீங்க போய் துன்னுங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். பெண்ணின் அப்பா போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சிய பிறகுதான் எழுந்தார். அந்தப் பேஜாரில் அடிபட்டவன் பெயர் விஷயத்தில் அலட்சியமாக இருப்பானா?

ஆகவே என் விண்ணப்பம் இப்படித் தொடங்கியது: மதிப்பிற்குரிய டீன் அவர்களின் பேராதரவுடனும், துறைத்தலைவர் அவர்களின் நல்ல ஒத்துழைப்புடனும், பேராசிரியர் ஹால்டர்சன் அவர்களின் மேலான வழிகாட்டுதலிலும் இந்தத் திட்டம் நடைபெறும். ஒரு பக்கம் முழுக்க இந்த ஊர்வலம் போன பிறகு, கடைசி வரியில், மேற்படியாரின் உதவியோடு இந்த வேலையைச் செய்ய முயல்பவன் என்று என் பெயரைச் சின்னதாகப் போட்டிருந்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் ஆம்பூர் அச்சகத்தில் கொடுத்தால் அப்படியே ரோஸ் அட்டையில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு தரம் சரிபார்த்து, நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

கமிட்டியின் பதில் மரியாதையாக இருந்தது. திட்டம் சிறப்பானது. ஆனால் இதை நடத்துபவர் பேராசிரியர் ஹால்டர்சன் என்று தெரிகிறது, விண்ணப்பதாரரின் பங்கு என்ன என்பது விளங்கவில்லை, நேரில் வந்து விளக்கவும். ஹால்டர்சன் என் விண்ணப்பத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "சாம், இதில் வருகிற ஹால்டர்சனை எனக்குத் தெரியாது. கெட்டிக்காரர் போலிருக்கிறது" என்றார். அவரே துறையின் சார்பில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறவர். "அங்கே வந்து, இதைச் செய்தவன் நான் என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்."

அவ்வளவு போதுமாம். வீட்டில் கிரேஸ் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அவள் கமிட்டி, மேசைக்கு இந்தப் பக்கம் நான்.

"இந்த யோசனை யாருது?"

"எங்க பேராசிரியர் குடுத்த ஊக்கத்துல..."

சப்பாத்திக் கட்டையால் மேசையில் ஒரு தட்டு. "அவரு ஊக்கம் கெடக்கட்டும். யாருது?"

"எங்க லேபுல எல்லாரும் சேந்து..."

"எல்லாருன்னா இன்னாங்க? அந்த லேபுல நீங்களும் ஒரு எலியும்தானே இருக்கீங்க. நான் எங்க ஆஸ்பத்திரில ஊசி போட்டா, நாங்க எல்லாரும் சேந்து போட்டோம்னா எழுதறேன்? என் பேரத்தான் எழுதறேன். தப்பாப் போட்டா என்னத்தான் கேப்பாங்க. சொல்லுங்க, யாருது?"

"என்னுது" என்றேன். சொன்னவுடனே ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் ஜாஸ்தி சத்தமா" என்றாள் கிரேஸ்.

கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் சரித்திரப் பேராசிரியர், காது பக்கம் மட்டும் முடி இருந்த ஒல்லி மனிதர். அவர்களோடு சேராமல் ஓரத்தில் ஹால்டர்சன். முதல் கேள்விகளை ஒருவாறு சமாளித்தேன். அப்புறம் தலைவர், "இந்தத் திட்டத்தில் ஏதாவது தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

இது அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று இப்போது தெரிகிறது. என் அனுபவத்தில் அந்தக் கேள்வி காரியம் கெட்ட பிறகுதான் வரும். நான் வேலை பார்த்த டேனரியில் ஒரு லாட் தோல் திட்டுத் திட்டாக வந்துவிட்டால் முதலாளி பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "யார்யா இதுக்குப் பொறுப்பு?" அவ்வளவுதான், ஷெட்டில் டிரம் சுற்றுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. மேஸ்திரி தரையைப் பார்ப்பார், நான் கூரையைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "தண்ணி சரியில்ல பாய்" என்று முனகுவார். "தண்ணிதான் பாய்" என்று எல்லோரும் சேர்ந்துகொள்வோம். பாயும் பாலாற்றை நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடுவார். எங்களில் ஒருவன் பெயரும் வெளியே வராது. அதுதான் அங்கே தோஸ்துகளுக்குள் தர்மம்.

வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "அது தண்ணீரைப் பொறுத்தது."

மூன்று பேரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "பேராசிரியர் ஹால்டர்சன் வகுத்த திட்டத்தைப் புதிதாக வரும் பேராசிரியர் தொடர்ந்து நடத்துவதே எல்லோருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. நீங்கள் அவருக்கு மிகவும் உதவியாக இருப்பீர்கள்."

அந்த அன்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. கிரேஸ் சொல்லிக்கொடுத்த நல்ல வாக்கியம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. "ஹால்டர்சன் வகுத்த திட்டமா?" என்றேன். "தோலில் முடி இருந்த பக்கம் எது, சதை இருந்த பக்கம் எது என்றுகூட அவருக்குத் தெரியாது. குரோம் தண்ணீரை அவர் என்னுடைய புட்டியில்தான் பார்த்திருக்கிறார். இது என் யோசனை. என் சோதனைகள். ஒரு டேனரிக்குள் கால் வைக்காத ஆளிடம் இதைக் கொடுத்தால் கெட்டுப் போகும். என்னிடம் கொடுத்தாலும் கெடலாம். கெட்டால் நான் பொறுப்பு, தண்ணீர் இல்லை."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. பட்டம் கொடுத்த ஆசிரியரை, வருஷக்கணக்காகச் சோறு போட்டவரை, அவர் முகத்துக்கு நேராக, நாலு பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லியிருக்கிறேன். ஆம்பூரில் இதைச் செய்தவன் மறுநாள் தெருவில் நடக்க முடியாது. ஹால்டர்சன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "முழுக்க உண்மை. ஒரு தடவை தோலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். அந்தப் படம் துறை மலரில்கூட வந்தது" என்றார். தலைவர் பேனாவை மூடினார். "நன்றி, டாக்டர் சாமுவேல். இதைத்தான் உங்கள் விண்ணப்பத்தில் தேடினோம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கை தட்டுவாள் என்று பார்த்தால் கிரேஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பெரியவர வெச்சிக்கினு அப்படியா பேசினீங்க? உங்களப் பத்திச் சொல்லச் சொன்னா, அவர எதுக்குங்க இழுத்தீங்க?" அன்றைக்கே உட்கார்ந்து ஆற்காட்டு மக்கன் பேடா செய்தாள். இங்கே கோவா கிடைக்காது, பால் பவுடரை வைத்து ஒப்பேற்றினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவருமாக ஹால்டர்சன் வீட்டுக்குப் போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டு, தயவுசெய்து மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். எதற்கு என்று கேட்டார். கமிட்டியில் பேசியதற்கு என்றேன். அவர் கிரேஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கடைசியில் அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தியாவில் ஜெயித்தவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு இனிப்புக் கொடுப்பார்கள். "அருமையான வழக்கம்" என்று சொல்லி இன்னொரு பேடாவை எடுத்துக்கொண்டார். மனசு சமாதானமாகாமலே திரும்பி வந்தோம்.

அனுமதி வந்தது. இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும், இந்தத் திட்டம் முடியும் வரைக்கும் மட்டும், இதை வைத்து வேறெதையும் கோர முடியாது என்று ஏகப்பட்ட 'மட்டும்'களோடு வந்தாலும், தலைவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கேரன் என்ற கெட்டிக்காரப் பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். சோதனைகளை அவள் செய்ய, நான் நடத்த, இரண்டு வருஷத்தில் முதல் கட்டுரை அச்சில் வந்தது. எங்கள் துறையின் வழக்கப்படி, கையால் வேலை செய்த கேரனின் பெயர் முதலில். கடைசிப் பெயர் என்னுடையது. இங்கே கட்டுரையில் கடைசி இடம்தான் தலைவருக்கு உரியது. பெருமை தாங்காமல் ஒரு பிரதியை ஆம்பூருக்கு அனுப்பினேன்.

அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பதில் வந்தது: "கட்டுரை கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் பெயரை ஏன் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள்? முதலில் இருக்கும் கேரன் யார்? மேலிடத்தில் ஏதாவது மனஸ்தாபமா? மறைக்காமல் எழுது." கடைசி இடம்தான் இங்கே பெரிய இடம் அப்பா, என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். அதற்கும் பதில் வந்தது: "என் ஆறுதலுக்காக எழுதுகிறாய் என்று புரிகிறது. யாரையும் பகைத்துக்கொள்ளாதே. உனக்காக ஜெபிக்கிறோம்."

வேறு வழி தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். கட்டுரையின் முதல் பக்கத்தை நகலெடுத்து, கடைசியிலிருந்த என் பெயரைக் கத்தரித்து, கேரனுக்கு மேலே தனியாக, கொஞ்சம் பெரிதாக்கி ஒட்டி, மறுபடி நகலெடுத்தேன். ஒட்டியதே தெரியவில்லை. திருத்திவிட்டார்கள் அப்பா, என்று எழுதி அனுப்பிவைத்தேன். இந்தத் திருட்டு வேலைக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒட்டும்போது என் பெயருக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தேன், அங்கே அப்பா கறுப்பு மையில், தன் முத்துமுத்தான ஹெட்மாஸ்டர் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'பேராசிரியர் ஹால்டர்சன் அவர்களின் ஆசியுடன்.'

கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வந்த, நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் எங்கள் சபை ஆயர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு அதைப் படித்தார். "ஹால்டர்சன்னா யாருங்க சார்?"

"இவனுக்குப் பெரியவரு, ஐயரே. அவரு இல்லன்னா இவன் ஏது?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "இல்லியாப்பா?"

என்னுது, என்னுது என்று சப்பாத்தி மேசையில் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு பாடுபட்டு மீட்ட சொத்தை அப்பா ஒரு வரியில் அவருக்கே எழுதிவைத்துவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து, மக்கன் பேடா கொடுத்தும் ஆறாமல் கிடந்த மனசு ஆறியிருந்ததும் நிஜம். "ஆமாங்க ஐயரே" என்றேன், மனசாரத்தான்.

அச்சான அசல், இங்கே என் லேப் அலமாரியில் இருக்கிறது, கடைசிப் பெயராக நான். அப்பா சட்டம் போட்டது அங்கே சுவரில் தொங்குகிறது, ஹால்டர்சனுக்குக் கீழே நான். அங்கே இருக்கும்போது அந்தச் சட்டத்தைத் துடைத்து நேராக மாட்டிவிட்டு வருகிறேன். இங்கே வந்து இறங்கியதும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, அசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.